தொழுகையிலிருந்து எழுந்து வந்த டொக்டர்

யாகூப் டொக்டர் பர்மாவில் காலமாகிவிட்டார். அவருடைய ஆம்புலன்ஸை ஓட்டிய சாரதி, காத்தான்குடியில் என் புடவைக்கடை வாசலில் லொறியை நிறுத்தி இதைச் சொன்னான். காய்ச்சலில் கிடந்த சிப்பாய்களைப் பார்த்துப் பார்த்து, அதே காய்ச்சலில் போயிருக்கிறார். எனக்குத் தாங்க முடியவில்லை. கடையைப் பூட்டிவிட்டேன்.

அவரை அறிந்த உங்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உலக யுத்தம் வந்து, வெள்ளைக்காரர் எங்கள் வாவிக்கரையில் முகாம் போட்டபோது வந்த இராணுவ வைத்தியர். யூதர். சுற்றுவட்டார முகாம்களில் சிதறியிருந்த யூதச் சிப்பாய்களைத் தேடிப்பிடித்து, வெள்ளிக்கிழமை மாலைகளில் ஒரு கூடாரத்தில் தொழ வைத்தவரும் அவர்தான். அவர்களுடைய கூட்டுத் தொழுகைக்குப் பத்து ஆண்கள் வேண்டும். அவரோடு சேர்த்துச் சரியாகப் பத்துப் பேர்தான் இருந்தார்கள்.

அப்படியொரு வெள்ளிக்கிழமை, நிறைமாதமாயிருந்த என் மனைவி காய்ச்சலில் நினைவிழந்தாள். வண்டியில் முகாமுக்குக் கொண்டுபோனோம். உள்ளே தொழுகை நடந்துகொண்டிருந்தது. ஓடப்போன என் கையை அவளுடைய தகப்பன், என் மாமா, பிடித்துக்கொண்டார்.

"தொழுகையில நிக்கிற மனிசனைக் கூப்பிடப்படாது மகன். முடியட்டும்."

எங்கள் முஸ்லிம் ஊரில் யாராயிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். நின்றோம். அவளுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கிவிட்டது. அந்தச் சத்தம் கேட்டுத்தான் டொக்டர் வெளியே வந்தார். நோயாளிகளிடம் பழகிய நம்மூர்த் தமிழிலேயே ஏசினார்.

"எவ்வளவு நேரமா இஞ்ச நிக்கிறீங்க? கும்பிட நாளைக்கும் பொழுதிரிக்கி. இவவுக்கு இல்ல."

அவர் போனால் பத்துக் குறையுமே என்று ஒரு சிப்பாய் தயங்கினான். அவனுக்கு அவர் ஆங்கிலத்தில் சொன்னது எனக்கும் விளங்கியது: "பத்தாவது ஆள் நோயாளியிடம் போயிருக்கிறான் என்று ஆண்டவனிடம் சொல்லுங்கள். அவன் கோபிக்க மாட்டான்."

அவள் கண் விழிக்கும்வரை பக்கத்தை விட்டு அசையவில்லை. அந்த மாதமே எனக்கு மகன் பிறந்தான்.

அடுத்த வெள்ளியிலிருந்து கூடாரத்தின் வாசல் துணியை மூடவே விடவில்லை. வாவிக்கு அக்கரையில், மண்டூர்ப் பக்கத்திலிருந்து காய்ச்சல்காரரைச் சுமந்து வந்தவர்களுக்கும் அந்த வாசல் திறந்தே கிடந்தது. மாமாவைக் கண்டால் மட்டும் விடமாட்டார். "என்ன மாமா, இண்டைக்கும் வாசல்லதானா கா?" என்று எங்களூர்க் 'கா' போட்டுக் கேட்பார். மாமா வெட்கப்பட்டுச் சிரிப்பார். பிறகுதான் அவரைப் பர்மாப் போர்முனைக்கு அனுப்பிவிட்டார்கள்.

செய்தி வந்த மறுநாள், அவருக்காகத் தொழச் சிப்பாய்கள் கூடினார்கள். ஒன்பது பேர். எங்களை அந்த எண்ணிக்கையில் சேர்க்க அவர்கள் மார்க்கத்தில் இடமில்லை. ஆனாலும் காத்தான்குடியாரும் மண்டூராரும் போய் வெளியே நின்றோம். இப்படி ஒரு மனிதர் எங்களுக்கு வைத்தியம் பார்த்தார் என்று நெஞ்சை நிமிர்த்தித்தான் நின்றோம்.

அவர் நினைவாகக் காட்ட என்னிடம் ஒரு படம்கூட இல்லை. வீட்டுக்கு வந்து, அவர்களுக்கு ஓராள் குறைந்துபோயிற்று என்று மனைவியிடம் சொன்னேன். அவள் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"நம்மட வீட்டில ரெண்டு பேர் கூட இரிக்கமே, அவரால."