கற்பூரத் தட்டும் கால் பிரேக்கும்

என் மனைவியின் அண்ணனை நான் ஒரு தடவை காரால் இடித்திருக்கிறேன். அதுவும் அவர் அந்தக் காருக்குக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தபோது. இடித்தேன் என்பதுகூட அதிகம். முழங்காலில் முட்டி, பானட்டின் மேல் உட்காரவைத்தேன், அவ்வளவுதான். என் மனைவி இந்தத் திருத்தத்தை இன்றுவரை ஏற்றுக்கொள்ளவில்லை.

மச்சான் ஸ்பிரிங்வெளியில் தேயிலைத் தோட்டத்து லொறியை வருஷக்கணக்காக ஓட்டியவர். இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, எதிரே வருவது பஸ்ஸா பனிமூட்டமா என்று தெரியாமல் போனதும் தானாகவே சாவியைக் கொடுத்துவிட்டார். கண்ணைச் சரிபண்ணிக்கொண்டு வந்தால் லொறியைத் திரும்பக் கொடுப்பதாகத் தோட்டத்தில் சொல்லியிருந்தார்கள். பதுளை ஆஸ்பத்திரியில் முதல் கண்ணுக்கு ஒபரேஷன், திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வரவேண்டும் என்று துண்டு கிடைத்தது. அந்தத் திகதிக்காக மாதக்கணக்கில் காத்திருந்தவர். தவறவிட்டால் மறுபடி வரிசையின் வாலில் போய் நிற்க வேண்டியதுதான். பஸ்ஸில் போய் இடிபட வேண்டாம், நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்று நான் பெரிய மனசு காட்டினேன். பஸ்ஸில் அவர் இடிபடவில்லை என்பது உண்மைதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே மனைவியோடு தோட்டத்துக்குப் போய்விட்டேன். காரின் பிரேக் ஒயில் பால் விடாமல் ஆறிப்போன பிளேன்டீ நிறத்துக்கு வந்திருந்தது. மலை ரோட்டில் பழைய ஒயில் சூடேறினால் பிரேக் கைவிட்டுவிடும், மாற்றுங்கள் என்று மச்சான் ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பதுளையில் எந்த கராஜிலும் செய்து கொடுத்திருப்பார்கள். ஆனால் நான் வாசித்திருந்தேன். ஒரு காரியத்தைப் பற்றி வாசித்துவிட்டால் அதில் பாதியைச் செய்துவிட்டதாக நினைக்கிற ஜாதி நான். பிரேக் ஒயில் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்ளும், குழாய்க்குள் காற்றுக் குமிழ் புகுந்தால் பிரேக் பிடிக்காது, எல்லாம் எனக்கு மனப்பாடம். தபாலில் ஒரு வேக்குவம் பம்பும் வரவழைத்திருந்தேன். கைத்துப்பாக்கி மாதிரி ஒரு பிடி, அளவு காட்டும் ஒரு முள், ஒரு ரப்பர் குழாய், ஒரு சின்னப் போத்தல். பழைய முறையில் ஒருவர் காருக்குள் பிரேக்கை மிதிக்க, இன்னொருவர் சக்கரத்தடியில் ஒயில் வெளியேறுகிற நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். இதில் சக்கரத்துப் பக்கமிருந்தே பழைய ஒயிலையும் காற்றையும் உறிஞ்சி எடுத்துவிடலாம். ஒரே ஆள் போதும்.

நான் முற்றத்தில் பம்பைப் பூட்டிக்கொண்டிருக்கையில் மச்சான் சுவரைத் தடவிக்கொண்டு வந்து நின்றார்.

"மாப்ள, நான் ஏறி மிதிக்கிறேன். இதுக்குக் கண்ணு வேணாம், காலு இருந்தா போதும்."

"வேணாம் மச்சான், நீங்க உக்காருங்க. இப்ப இதுக்கெல்லாம் ஆளே தேவையில்ல."

இரண்டு வருஷமாக யாருக்கும் தேவைப்படாமல் வீட்டில் இருக்கிற டிரைவரிடம் சொல்வதற்கு நான் தேர்ந்தெடுத்த வாக்கியம் அது. எழுதிப் பிழைக்கிறவன் என்று வேறு என்னைச் சொல்லிக்கொள்கிறேன். அவர் "அப்படியா" என்றார். படியில் போய் உட்கார்ந்து, காதால் வேலையைக் கவனிக்க ஆரம்பித்தார்.

முதல் இரண்டு சக்கரம் அழகாக முடிந்தது. போத்தலில் கறுப்பாக இறங்கிய ஒயில் மெல்லத் தேன் நிறத்துக்கு மாறியது. அந்த அழகில் மயங்கி, முன்னால் பானட்டுக்குள் இருக்கிற ஒயில் டப்பாவை நான் மறந்தே போனேன். இங்கே உறிஞ்ச உறிஞ்ச அங்கே ஊற்ற வேண்டும். மூன்றாவது சக்கரத்தில் ஞாபகம் வந்து ஓடிப்போய்ப் பார்த்தால் டப்பா காய்ந்து கிடந்தது. குழாய் முழுக்கக் காற்றை நானே இழுத்து ஏற்றியிருந்தேன்.

டப்பாவில் ஒயில் இருக்கிறதா, பார்த்தீர்களா என்று படியிலிருந்து மச்சான் கேட்டார். பார்த்தேன் என்றேன். அது பொய் இல்லை. அப்போதுதான் பார்த்திருந்தேன்.

சத்தமில்லாமல் ஊற்றி நிரப்பிவிட்டு மறுபடி உறிஞ்சினேன். குமிழ் குமிழாக வந்தது. பம்போடு வந்த தாளில், நிப்பிளின் மரை வழியாகவும் கொஞ்சம் காற்று வரும், பயப்பட வேண்டாம் என்று ஒரு வரி இருந்தது. என் வாழ்நாளில் எந்த வரியையும் அவ்வளவு நேசித்ததில்லை. வேலையை முடித்து, பிரேக்கைப் பத்துப் பதினைந்து தடவை மிதித்தேன். இறுகியது. எப்படி என்று மச்சான் கேட்டபோது, "கல்லு மாதிரி இருக்கு" என்றேன்.

விடிந்து ஆறு மணிக்குப் புறப்பட்டோம். கைவைத்து வேலை பார்த்த வாகனத்தைச் சாமி கும்பிடாமல் ரோட்டில் ஏற்றுவது அங்கே வழக்கமில்லை. மச்சான் குனிந்து, கையால் தடவித் தடவி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். என் மனைவி கற்பூரம் ஏற்றித் தட்டைக் கொடுக்க, அவர் காருக்கு முன்னால் நின்று சுற்றினார். சுற்றிவிட்டு, அங்கேயே நின்றபடி, மெதுவாக எடுங்கள் என்றார். எலுமிச்சம்பழம் நசுங்கி அடுத்த நொடி நிற்க வேண்டும். முற்றம் லேசான சரிவு.

பழம் நசுங்கியது. மிதித்தேன். கால் சேற்றில் இறங்குவதுபோல அடிவரைக்கும் போனது. மறுபடி மிதித்தேன். அதற்குள் மச்சான் ஒருக்களித்துப் பானட்டில் உட்கார்ந்திருந்தார். கையில் தட்டு, தட்டில் கற்பூரம் அணையாமல். கார் அவரையும் ஏந்திக்கொண்டு நகர்ந்தது.

"மாப்ள, ஹேண்ட் பிரேக்க இழுங்க," என்றார், வெற்றிலை கேட்பதுபோல.

அத்தனை பக்கம் வாசித்த எனக்கு இடது கைப்பக்கம் அப்படியொன்று இருப்பது அவர் சொல்லித்தான் தெரிந்தது. இழுத்தேன். நின்றது. காருக்கு முன்னால் மூன்றடியில் முற்றம் முடிந்து, கீழே தேயிலைச் சரிவு தொடங்கியது.

என் மனைவி கத்தவில்லை. கத்தியிருக்கலாம். அண்ணன் கையிலிருந்து தட்டை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, பஸ் போயிருக்குமா என்று மட்டும் கேட்டாள். போயிருந்தது.

மச்சான் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே மணி கேட்டார். மீதி ஒயில் இருக்கிறதா என்று கேட்டார். சக்கரங்களுக்குக் கல் வைக்கச் சொல்லிவிட்டு டிரைவர் சீட்டில் ஏறினார். ஸ்டியரிங்கை ஒருதரம் தடவிப் பார்த்தார். நான் ஸ்பேனரோடு தரையில் கிடந்தேன். டப்பா காய்ந்த கதையைக் காரின் அடியிலிருந்தே சொன்னேன். முகம் தெரியாத இடத்திலிருந்து சொல்வது சுலபமாக இருந்தது. "காத்து இருந்தாலும் அடுத்தடுத்து மிதிச்சா இறுகும் மாப்ள, விட்டா இறங்கிடும்," என்றார். பிறகு மிதித்துப் பிடித்துக்கொண்டு திறக்கச் சொன்னார், மூடச் சொன்னார், காலை எடுத்தார். சக்கரம் சக்கரமாகத் தவழ்ந்தேன். ஏழு மணி தாண்டி, காற்றுப் போய்விட்டது என்று அவருடைய கால் சொன்னது.

இரண்டாவது கியரிலேயே இறங்கினோம். ஒவ்வொரு வளைவிலும் பக்கத்து சீட்டில் அவரும் தரையை மிதித்தார். எட்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஆஸ்பத்திரி வாசலில் இருந்தோம். ஒபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

என்னை அரித்தது வேறு. கல்லு மாதிரி என்று நான் சொன்ன ஒரு வார்த்தையை நம்பி, அந்த மனிதர் சரிவுக்கு முதுகைக் காட்டி என் காருக்கு முன்னால் நின்றார். அந்த நம்பிக்கையை நினைத்து இரண்டு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. கட்டு எடுத்த பிறகு பார்க்கப் போனேன். மச்சான் முற்றத்து ஓரத்தில் நின்று, எதிர்மலையில் கொழுந்தெடுக்கிறவர்களை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த மன்னிப்பை முழுசாகச் சொன்னேன். நம்பிக்கை என்ற சொல் அதில் மூன்று தடவை வந்தது.

அவர் எண்ணுவதை நிறுத்திவிட்டு, புதுக் கண்ணால் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உங்கள நம்பியெல்லாம் நிக்கல மாப்ள. அன்னைக்கு எனக்குக் கண்ணு தெரியல, அதான் நின்னேன்."