பூட்டி இழுத்துப் பார்ப்பவள்

பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் படியிறங்கியவள், பாதியில் நின்று, திரும்ப ஏறிப் போய் இன்னொரு தடவை இழுத்துப் பார்க்கிறாள். கீழே ஸ்கூட்டரில் காத்திருக்கும் வீட்டுக்காரருக்கு இது தினசரிக் கூத்து. "இழு, நல்லா இழு. ஒருநாள் பூட்டு கையோட வரப்போகுது, பாரு!" என்பார். அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். அடுப்பு, தண்ணீர்க் குழாய், கைப்பையின் ஜிப், எல்லாவற்றுக்கும் அவளிடம் இதே மரியாதைதான்.

வேலை பார்க்கும் ரத்த வங்கியில் அவளுக்குத் தாழ்ப்பாள் என்று பெயர். வைத்தவர் பதிவுப் பிரிவுப் பெரியவர். ஓய்வு பெறப் போகிற வயசு, யாரையும் விட்டுவைக்காத வாய். அங்கே டேட்டாபேஸ் சர்வர் அவள் பொறுப்பு. ரத்தம் கொடுப்பவர்கள் யார் யார், என்ன வகை, எங்கே இருக்கிறார்கள் என்பதெல்லாம் அதற்குள்தான். தினமும் புது விவரங்கள் ஒரு ஃபைலாக வரும். அதைத் தன் கணினியிலிருந்து சர்வருக்குள் ஏற்ற வேண்டும். ஆனால் வெளிக் கணினியில் இருக்கும் ஃபைலைச் சர்வர் லேசில் வாங்காது. அதற்கென்று ஓர் அனுமதி உண்டு. திறந்துவிட்டால்தான் வாங்கும்.

வேறு யாராக இருந்தாலும் ஒரேயடியாகத் திறந்துவிட்டுக் காபி குடிக்கப் போயிருப்பார்கள். இவள் தினமும் திறப்பாள், ஏற்றுவாள், மூடுவாள். மூடினால் ஆயிற்றா? இழுத்துப் பார்க்க வேண்டாமா? அதற்கென்றே ஒற்றை வரியில் ஒரு சோதனை ஃபைல் வைத்திருக்கிறாள். அதை அனுப்புவாள். அனுமதி இல்லை என்று சர்வர் மறுத்துவிட்டால் முகமெல்லாம் சிரிப்பு. "சமர்த்து" என்று திரையைச் செல்லமாகத் தட்டிவிட்டு எழுந்திருப்பாள். பிழைச்செய்தி வந்ததற்காகச் சந்தோஷப்படும் இன்னொரு ஆளை நான் கேள்விப்பட்டதில்லை.

"திறந்தே வெச்சா என்னம்மா? யானையா உள்ள வந்துடும்?" என்பார் பெரியவர்.

"யானை வந்தா தெரியும் சார். ஒரு தப்பு வரி வந்தா தெரியாது. ரத்தம் சார் இது. வகை மாறினா ஆளே போயிடும்."

போன வாரம் ஒருநாள் விடுப்பு போட்டிருந்தாள். அக்கா வீட்டுக்குக் கிளம்பி, கதவைச் சாத்தி, பூட்டைக் கையில் எடுத்த நேரம் போன் அடித்தது. பெரியவர்தான். குரலில் கேலியே இல்லை. பிரசவமான ஒரு பெண்ணுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லையாம். அபூர்வ வகை. இருப்பில் ஒரு பைகூடக் கிடையாது. இன்னொரு வங்கி தன் கொடையாளர் பட்டியலை முழுசாக அனுப்பியிருக்கிறது. ஃபைல் அத்தனை பெரியது, திறந்து பார்க்கப் போனால் கணினியே உறைந்து நின்றுவிடுகிறது. சர்வருக்குள் ஏற்றித் தேடினால்தான் உண்டு.

"உள்ள வாங்க மாட்டேங்குதும்மா. நான் என்ன பண்ணட்டும்?"

திறக்கும் கட்டளையை அவள் சொல்ல, அவர் தன் கணினியில் எழுத்தெழுத்தாகத் தட்டினார். மறுபடியும் மறுப்பு.

"நிஜமா திறந்துச்சா சார்?"

"திறந்தாச்சுன்னுதான் சொல்லுது. ஆனா வாங்க மாட்டேங்குதே!"

நாம் போட்ட பூட்டே ஒரு உயிருக்கு எமனாகிவிடுமோ என்ற பயம் பிடித்துக்கொள்ள, ஓட்டமும் நடையுமாகக் கிளம்பிவிட்டாள்.

வேர்க்க விறுவிறுக்க வந்தவள், பெரியவரின் கணினி முன் உட்கார்ந்ததும் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, மடச்சி நான்! உங்க பக்கமும் திறக்கணும் சார்!"

வாங்குகிற சர்வர் சம்மதித்தால் மட்டும் போதாது, கொடுக்கிற கணினியும் சம்மதிக்க வேண்டும். தன் கணினியில் அதை என்றைக்கோ திறந்துவிட்டு அப்படியே மறந்து போயிருந்தாள். ஊர்ப்பட்ட கதவையெல்லாம் இழுத்துப் பார்க்கிறவளின் மூக்குக்கு நேரே ஒரு கதவு இத்தனை நாளாகத் திறந்தே கிடந்திருக்கிறது!

அந்தப் பக்கத்தையும் திறந்தாள். ஃபைல் மடமடவென்று ஏறியது. தேடியதில் இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஒரு தையற்காரர் கிடைத்தார். போனை வைத்த பெரியவர் துள்ளி எழுந்தார். "கத்திரிக்கோலைப் போட்டுட்டுக் கிளம்பிட்டாராம்மா!"

தையற்காரர் வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போகும்வரை அவள் நாற்காலியை விட்டு நகரவில்லை. பிரசவ வார்டிலிருந்து தகவல் வர வெகு நேரமாயிற்று. பொழைச்சுட்டா என்றார்கள். பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவளும்தான்.

"இனிமேலாவது திறந்தே வெச்சுடேன் தாயி."

"மாட்டேன் சார்."

சர்வரை மூடினாள். அவருடைய கணினியையும் மூடினாள். எழுந்து போய்த் தன் கணினியிலும் திறந்து கிடந்ததை மூடிவிட்டு வந்தாள். ஒற்றை வரி ஃபைலை அனுப்பினாள். மறுத்துவிட்டது. "சமர்த்து" என்றாள். அன்றைக்குத் திரையை இரண்டு தடவை தட்டினாள்.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் போன். "எங்கடி இருக்க? வீடு ஆன்னு திறந்து கிடக்கு! பூட்டையும் காணோம், உன்னையும் காணோம்!"

அவள் மெல்லத் திரும்பிப் பார்த்தாள். கீபோர்டுக்குப் பக்கத்தில், வாய் பிளந்தபடி, சாவி தொங்க, வீட்டுப் பூட்டு உட்கார்ந்திருந்தது. பெரியவர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

அவள் பூட்டைக் கையில் எடுத்து அழுத்தி மூடினாள். பிறகு ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள்.