தூங்கும் புழுவுக்குத் தழை போட்டவள்

"அம்மா, தூங்கி எந்திரிச்ச பொறவு, நேத்து தான் எப்படி இருந்தோம்னு புழுவுக்கு ஞாபகம் இருக்குமா?"

ஒன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள் இரண்டு வாரத்துக்கு முன்பு கேட்டது. எனக்கு இன்னும் விடை தெரியவில்லை.

பென்னாகரம் பக்கத்தில் என் கணவரின் ஊர். அவர் ஓசூரில் வேலை பார்க்கிறார். சனிக்கிழமை வந்து திங்கள் அதிகாலை பஸ் ஏறிவிடுவார். நான் பெங்களூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருந்தேன். மகளுக்கு அடிக்கடி மூச்சிரைப்பு வந்ததால் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்தேன். இங்கே அவளுக்கு இரைப்பு குறைந்தது. வேலையை விட்டது சரிதானா என்ற கேள்வி மட்டும் எனக்குக் குறையவில்லை.

வீட்டுக்குப் பின்னால் பட்டுப்புழு வளர்க்கும் கொட்டகை இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்வது என் கணவருடைய அண்ணனின் மனைவி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். கை கால் கழுவாமல் யாரையும் உள்ளே விடமாட்டார். முகத்துக்குப் பவுடர் போட்டிருந்தால் என் மகளுக்குக்கூட வாசலோடு சரி, புழுவுக்கு ஆகாதாம். சும்மா உட்கார்ந்து கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, இந்த முறை ஒரு தட்டுப் புழுவைத் தனியாக ஒதுக்கிக் கொடுத்தார். "இத நீயும் பாப்பாவும் பாத்துக்கங்க. கெடுத்தாலும் ஒரு தட்டுதான்."

அந்த வாரம்தான் பழைய மேலாளர் அழைத்தார். திரும்ப வருகிறாயா என்று கேட்டார். வாரத்தில் மூன்று நாள் பெங்களூரு அலுவலகத்தில் இருக்க வேண்டும், மற்ற நாள் வீட்டிலிருந்தே பார்க்கலாம். மாத முடிவுக்குள் பதில் வேண்டும். அந்த மூன்று நாளும் மகள் அக்காவிடம் இருக்க வேண்டியிருக்கும். கணவரிடம் சொன்னேன். "உனக்கு எது சந்தோஷமோ அதச் செய்" என்றார். நல்ல மனிதர். ஆனால் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

மறுநாள் காலை தட்டைப் பார்த்தேன். ஒரு புழுகூடத் தின்னவில்லை. எல்லாம் தலையைத் தூக்கியபடி அசையாமல் நின்றன. முதல் நாள்வரை அவை தழை தின்னும் சத்தம், எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் விசைப்பலகையைத் தட்டுவதுபோல இருக்கும். இப்போது ஓசையே இல்லை. நோய் வந்துவிட்டதோ, பசியில் சோர்ந்துவிட்டதோ என்று பயந்து, இருந்த மல்பெரித் தழையை எல்லாம் அள்ளி மேலே போட்டேன். மதியம் இன்னொரு முறையும் போட்டேன்.

சாயங்காலம் அக்கா வந்து பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"என்ன புள்ள இது? தூங்கிட்டு இருக்குது. தோல் கழட்டறதுக்கு முன்னாடி அப்படித்தான் நிக்கும். தூங்கறவனுக்குப் போய் யாராச்சும் சோறு போடுவாங்களா?"

"எங்கம்மா போடுவாங்க பெரிம்மா," என்றாள் மகள். "நான் தூங்கிட்டாலும் எழுப்பி ஊட்டுவாங்க."

அக்கா சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"சரி, ஏன் தூங்குது?" என்று கேட்டேன்.

"அது எனக்கு எதுக்கு? தூங்குனா தழை போடக் கூடாது. எல்லாம் எந்திரிச்ச பொறவு போடணும். இல்லாட்டி முன்னாடி எந்திரிச்சது தின்னு பெருத்துடும், பின்னாடி எந்திரிக்கறது தழைக்கு அடியில கெடக்கும். போ, மெதுவா எடு."

தழையை ஒவ்வொன்றாக எடுத்தோம். அந்த 'ஏன்' மட்டும் என்னை விடவில்லை. புழு வளரும், அதன் தோல் வளராது என்று அன்று படித்துத் தெரிந்துகொண்டேன். தோல் இறுகியதும் தின்பதை நிறுத்திவிட்டு, உள்ளே புதுத்தோல் செய்துகொள்கிறதாம். படிக்கப் படிக்க அடுத்த கேள்வி வந்தது. எப்போது நிறுத்த வேண்டும் என்று அதற்கு யார் சொல்கிறார்கள்?

நான் விடுதிப் பள்ளியில் படித்தவள். பரீட்சைக்கு வராத பக்கத்தை நாங்கள் புரட்டியதே இல்லை. வேலையிலும் அப்படித்தான்: பதவி உயர்வுக்கு எந்தப் பயிற்சி உதவுமோ அதை மட்டும் முடிப்பேன். யாரும் மதிப்பெண் போடாத ஒன்றை, சோறு அடுப்பில் குழைவதுகூடத் தெரியாமல் படித்துக்கொண்டிருந்தது அன்றுதான்.

அடுத்த நாள் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு நானும் மகளும் தட்டருகே மண்டியிட்டோம். ஒரு புழு மெல்ல நெளிந்தது. தலைக்குப் பின்னால் தோல் பிளந்தது. முகமூடி கழன்று விழுவதுபோலப் பழைய தலையின் ஓடு விழுந்தது. உள்ளேயிருந்து வெளுத்த, பெரிய புதுத்தலை வந்தது. மகள் என் கையை இறுகப் பிடித்திருந்தாள். அப்போது கேட்டதுதான் அந்தக் கேள்வி.

வழக்கமாக ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன். அன்று, "தெரியலையே கண்ணு" என்றேன்.

"உனக்கே தெரியாதா!" அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். ஓடிப்போய்ப் பெரியம்மாவிடம், "அம்மாவுக்குத் தெரியாதாம்!" என்று சொல்லிவிட்டு, கைகால் கழுவிக்கொண்டு மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள். இரைப்போ என்று ஒரு கணம் பயந்தேன். வெறும் ஓட்டம்தான்.

இப்போது எங்கள் தட்டில் பாதிப் புழு கூடு கட்டுகிறது. மீதி, அன்று நான் போட்ட தழைக்கு அடியில் கிடந்து பிந்தி எழுந்தவை, இன்னும் தின்றுகொண்டிருக்கின்றன. "மாட்டுவண்டியும் லாரியும் ஒரே ரோட்டுல போற மாதிரி இருக்குது உன் தட்டு," என்கிறார் அக்கா. விற்கக் கொடுக்காமல் நாலைந்து கூடுகளை மகள் எடுத்து வைத்திருக்கிறாள். அந்துப்பூச்சி வெளியே வருவதைப் பார்க்க வேண்டுமாம். எனக்கும் பார்க்க வேண்டும்.

மாத முடிவு நெருங்கிவிட்டது. வேலைக்குப் போனால் இந்த 'ஏன்' மறுபடி உறங்கிப் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. போகாவிட்டால், ஒரு தட்டுப் புழுவுக்குப் பின்னால் நான் ஒளிந்துகொள்கிறேனோ என்றும் தோன்றுகிறது. பூச்சி வெளிவரும் நாளில் நான் இங்கே இருப்பேனா என்று மகள் இரண்டு முறை கேட்டுவிட்டாள்.

வேலையை விட்டு, பிறகு திரும்பிப் போனவர்கள் இதைப் படித்தால் எழுதுங்கள். நடுவில் கிடைத்த தெரிந்துகொள்ளும் ஆசை உங்களோடு கூட வந்ததா? அதைத் தக்கவைக்க என்ன செய்தீர்கள்? போகாமல் இருந்துவிட்டவர்களும் எழுதுங்கள். வருத்தம் இருந்தால் மறைக்க வேண்டாம்.

புழுவுக்கு ஞாபகம் இருக்குமா என்பதற்கு விடை தெரிந்தவர்கள், அதை எனக்கு மட்டும் சொல்லுங்கள். மகள் இன்னும் கொஞ்ச நாள் யோசிக்கட்டும்.