லைட்டரோடு வந்த வீட்டுக்காரர்

பாபடோயிட்டோ என்ற ஊரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் குசினியில் ஒரு காலை கூழ்முட்டை நாற்றம் அடித்தது. குப்பை வாளியைக் கழுவி வைத்தேன். போகவில்லை. காஸ் அடுப்புக்குப் பின்னால் குனிந்தபோதுதான் காஸ் கசிகிறது என்று விளங்கியது. பக்கத்து அறையில் என் கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாள்.

அவளை அள்ளிக்கொண்டு வெளியே ஓடினேன். புல்தரையில் நின்றபடி, வேலையில் இருந்த கணவருக்கு போன் எடுத்தேன்.

“வீட்டுக்காரரிட்டச் சொல்லு. ஆனா அவருக்குக் கோபம் வாற மாதிரிக் கதைக்காத,” என்றார். வீட்டை விட்டு எழும்பச் சொன்னால் எங்கே போவது என்ற பயம் அவருக்கு எப்போதும் இருந்தது. எனக்கும்தான்.

வீட்டுக்காரர் தமிழ்நாட்டுக்காரர், நல்ல மனிதர். கூப்பிட்டதும் வந்து நேரே குசினிக்குள் போனார். நான் பின்கதவடியில் நின்று பார்த்தேன். அடுப்பை முன்னால் இழுத்தார், முழங்காலில் உட்கார்ந்தார், சட்டைப்பையிலிருந்து லைட்டரை எடுத்தார்.

குழந்தையையும் இடுப்பில் வைத்துக்கொண்டே உள்ளே பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தேன்.

“எங்க லீக் ஆகுதுன்னு பாக்கத்தாம்மா,” என்றார்.

“பிள்ளை இருக்கு அண்ணா. வெளியில வாங்கோ.”

அவர் குழந்தையைப் பார்த்தார். லைட்டரை மெதுவாகப் பைக்குள் வைத்துவிட்டு எழுந்து வந்தார். வெளிச்சுவரோரம் நின்ற காஸ் சிலிண்டரின் வால்வை மூடினார்.

“ட்யூப் லூசாத்தான் இருக்கும். நானே டைட் பண்ணிடுறேன்.”

“லைசென்ஸ் இருக்கிற ஆள்தான் இதைத் தொடவேணும். உங்கட வீடு, நீங்கதான் அவரைக் கூப்பிடவேணும்.” அவருடைய அடுத்த வார்த்தை வீட்டைக் காலி செய்யச் சொல்வதாக இருக்கும் என்றே நினைத்தேன்.

அவர் போனை எடுத்து, காஸ் வேலைக்காரரைக் கூப்பிட்டார்.

மத்தியானம் காஸ் வேலைக்காரர் வந்தார். அடுப்புக்குப் போகும் குழாயில் வெடிப்பு விழுந்திருந்தது. புதிதாக மாட்டி, சோதித்துப் பார்த்து, இனிப் பயமில்லை என்றார். வீட்டுக்காரர் கார்க்கதவைத் திறந்துகொண்டே, “நான் மட்டும் அந்த லைட்டரைத் தட்டியிருந்தா…” என்று தொடங்கினார். முடிக்காமலே காருக்குள் ஏறினார்.

பின்னேரம் கணவர் வந்ததும் கேட்ட முதல் கேள்வி, “கோபப்பட்டவரோ?”

“இல்லை. பயந்திட்டார்.”

அந்தக் கிழமை ஏழு நாளும், நான் அடுப்பு மூட்டும்போது கணவர் மகளோடு வெளியே புல்தரையில் நின்றார். நான் கேட்டதற்காக. என் பயத்தைப் பார்த்து ஒருநாளும் சிரிக்கவில்லை. தேத்தண்ணி கொதித்ததும் நான் ஜன்னலால் கை காட்டுவேன்; பிறகுதான் உள்ளே வருவார்.