ஆயுத பூஜையன்று ஓய்வெடுத்த ஜெனரேட்டர்

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. மலேசியாவின் ஈப்போ விமான நிலையத்தில் நான் ரேடியோ டெக்னீஷியனாக இருந்தேன். எங்கள் குடும்பத்தில் தோட்டத்து லயத்திலிருந்து அரசாங்க வேலைக்குப் போன முதல் ஆள் என்பதால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அது இறங்கிய கதையைத்தான் சொல்கிறேன்.

‘பீக்கன்’ என்ற கருவி என் பொறுப்பில் இருந்தது. அது ஓயாமல் சமிக்ஞை அனுப்பிக்கொண்டே இருக்கும். மேகத்துக்குள் கண் தெரியாதபோது, விமானிக்கு முன்னால் உள்ள ஒரு முள் அந்தச் சமிக்ஞை வரும் திசையைக் காட்டும். கூடவே ‘டிட் டா’ என்று ஒரு சத்தமும் அவர் காதில் கேட்கும். ஈப்போவைச் சுற்றி நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகளைப் பார்த்தவர்களுக்கு, அந்த முள் பொய் சொன்னால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

பீக்கன் இருந்த சிறு கட்டடம் ஓடுபாதையிலிருந்து சில மைல் தள்ளி, கித்தா என்று நாங்கள் சொல்லும் ரப்பர் மரங்களை வெட்டி முடித்த பழைய தோட்டத்தின் ஓரத்தில் இருந்தது. மின்சாரம் போனால் பக்கத்துக் கொட்டகையில் உள்ள ஜெனரேட்டர் தானாகவே ஓடத் தொடங்கும்.

அன்று ஆயுத பூஜை. நானும் என்னோடு வேலை செய்த அண்ணன் ஒருவரும் கட்டடத்தைக் கழுவி, ஜெனரேட்டரைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து மாலை போட்டோம். கை வைத்திருக்கும்போது ஓடிவிடக் கூடாதே என்று அதன் சுவிட்சை ‘ஆட்டோ’விலிருந்து ‘ஆஃப்’புக்குத் திருப்பியது நான்தான்.

“வருசம் பூரா நிக்குது. இன்னிக்கு ஒரு நாளாச்சும் படுத்துக் கெடக்கட்டும் லா” என்று அண்ணன் சிரித்தார். நானும் சிரித்தேன். சூடம் காட்டி, பொரிகடலை தின்று, கதை பேசியதில் சுவிட்சை மறந்தே போனேன்.

நாலு மணிக்கு வானம் கறுத்துக் கொட்டியது. ஓர் இடி விழுந்ததும் மின்சாரம் போய்விட்டது. வழக்கமாகப் பத்து எண்ணுவதற்குள் ஜெனரேட்டர் உறுமும். எண்ணினேன். பன்னிரண்டு, பதின்மூன்று... அப்போதுதான் சுவிட்ச் ஞாபகம் வந்தது.

மழையில் ஓடிப் போய்த் திருப்பினேன். ஜெனரேட்டர் ஓடியது. ஆனால் எங்கள் பீக்கன் பழைய வால்வு ரகம். சூடேறிச் சமிக்ஞை அனுப்ப இரண்டு நிமிடமாவது ஆகும். அதற்குள் டவரிலிருந்து போன் வந்துவிட்டது. மாலை விமானம் மேகத்துக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது, பீக்கனைக் காணோமே என்று அங்கிருந்தவர் கத்தினார். இரண்டு நிமிடம், இரண்டே நிமிடம் என்று நானும் கத்தினேன்.

விமானச் சத்தம் எங்கள் தலைக்கு மேலேயே கேட்டது. தாழ்வாக, மிகத் தாழ்வாக. வீடு திரும்புகிறவர்கள் எத்தனை பேர் அதில் இருப்பார்களோ என்று நினைத்தேன். திடீரென்று என்ஜின் சத்தம் பெரிதாகி, மேலே மேலே போனது. அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் அழுதேன், சொல்ல வெட்கமில்லை. கொஞ்ச நேரத்தில் பீக்கன் உயிர்பெற்றது. விமானம் மேலேயே சுற்றிவிட்டு மறுபடி வந்து பத்திரமாக இறங்கியது.

நான் பதிவுப் புத்தகத்தைத் திறந்தேன். அண்ணன் என் தோளைத் தொட்டார்.

“தம்பி, இடி மேல போட்டுரு லா. கரண்டு போச்சு, லேட்டா வந்துச்சு. யாரு வந்து சுவிட்சப் பாக்கப் போறா? ஒம் பொண்டாட்டி வேற மாசமா இருக்கு.”

அவர் பாசத்தில்தான் சொன்னார். எனக்கும் அப்படியே எழுதிவிடத்தான் ஆசை. ஆனால் எழுதினால் ஒரு பாவமும் அறியாத ஜெனரேட்டரைப் பிரித்துப் போட்டுப் பழுது தேடுவார்கள். என் பழுது வெளியே தெரியாமலே இருக்கும். உள்ளதை எழுதிவிட்டு, ஜீப்பை எடுத்துக்கொண்டு விமானியைத் தேடிப் போனேன்.

அவர் சீனர், என் வயதுதான் இருக்கும். கேண்டீனில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். தெரிந்த மலாயில் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். எத்தனை நிமிடம் என்று மட்டும் கேட்டார். மூன்று இருக்கும் என்றேன். முள் ஒன்றும் நடக்காதது போல எங்கோ காட்டிக்கொண்டுதான் இருந்ததாம். காதில் ‘டிட் டா’ நின்றுபோனதும் அவர் முள்ளை நம்பாமல் மேலே ஏறிவிட்டாராம். பிறகு, தன்னிடம் நேரில் வந்து சொன்னதற்கு நன்றி என்றார்.

மறுநாள் அவரே பீக்கன் கட்டடத்துக்கு வந்தார். இத்தனை நாள் காதில் கேட்டதைக் கண்ணால் பார்க்க வேண்டுமாம். கொட்டகையில் மாலையும் பொட்டும் பார்த்தவர், வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றினார். “ஐயோ, வேணாங்க, சேறு” என்று அண்ணன் பதறியும் கேட்கவில்லை. மிச்சமிருந்த பொரிகடலையைத் தின்றுவிட்டு, எந்த சுவிட்ச் என்று கேட்டார். காட்டினேன். தலையாட்டிக்கொண்டார். டெக்னீஷியன் தானாக வந்து தவறைச் சொன்னார் என்று தன் அறிக்கையில் அவர் எழுதியதால்தான், ஓர் எச்சரிக்கைக் கடிதத்தோடு என் வேலை தப்பியது.

ஓய்வு பெறும்வரை ஆயுத பூஜையை நான் விடவில்லை. ஆனால் எல்லாம் முடிந்து, சுவிட்சை ‘ஆட்டோ’வுக்குத் திருப்பிய பிறகு, அந்த எழுத்தின் மேல்தான் கடைசிக் குங்குமத்தை வைப்பேன். என்னை மன்னித்த அந்த மனிதருக்கு என்னால் செய்ய முடிந்த நன்றி அந்த ஒரு பொட்டுதான்.