நிலக்காரம்மாவின் பயிற்சி நாள்

அவருக்குச் சொந்தமாக ஒரு சதுர அடி நிலம்கூடக் கிடையாது. வாடகை வீடு, மூன்றாவது மாடி, பால்கனியில் சில தொட்டிகள். இருந்தும் அலுவலகத்தில் எல்லோரும் அவரை நிலக்காரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். காரணம் அவருடைய கோபம். சொந்தக் கோபம் அல்ல, அது அவருக்கு வராது. பஸ்ஸில் தன் காலை மிதித்தவரிடமே மன்னிப்புக் கேட்கிற பிறவி. பயிற்சி வகுப்பில் நிலக்காரராக நடிக்கும்போது வருகிற கோபத்தைச் சொல்கிறேன்.

அலுவலகம் என்பது சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறை. நிலம் காக்கும் சிறிய அறக்கட்டளைகளின் கூட்டமைப்பு அங்கே இயங்கியது. ஒரு சதுப்பு, ஒரு காட்டுத்துண்டு, ஒரு மலைச்சரிவு என்று ஆளுக்கொன்றைக் காவல் காக்கிற அறக்கட்டளைகள். பலவற்றில் மொத்தமே மூன்று பேரும் ஒரு ரப்பர் ஸ்டாம்பும்தான். இவர்களுக்கு வியாழக்கிழமைதோறும் மின்னஞ்சலில் ஒரு செய்தி மடல் போகும். எந்தச் சட்டம் மாறியது, எந்த நிலம் பிழைத்தது, எது போயிற்று, எங்கே என்ன பயிற்சி நடக்கிறது என்று எல்லாம் அதில் இருக்கும். மடலைத் தயாரித்தது நிலக்காரம்மா.

பயிற்சி அறிவிப்பு எது வந்தாலும் போடுவதற்கு முன் நடத்துகிறவர்களுக்கு போன் செய்வார்.

"பஸ் ஸ்டாப்லேருந்து நடந்து வர்ற தூரமா? சாப்பாடு உண்டா? பாத்ரூம்ல தாழ்ப்பாள் சரியா இருக்கா?"

"பயிற்சியைப் பத்தி ஒண்ணுமே கேக்கலையேம்மா?"

"அதை நீங்க எப்படியும் நல்லாத்தான் எழுதி அனுப்புவீங்க."

அவரே நடத்திய பயிற்சி ஒன்று உண்டு. நிலக்காரர் ஒருவர் அறக்கட்டளையோடு ஒப்பந்தம் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலம் அவருடையதுதான். விற்கலாம், பிள்ளைகளுக்குத் தரலாம். ஆனால் அவரோ அவருக்குப் பின் வருகிறவரோ அங்கே கட்டடம் எழுப்பக் கூடாது, நீர்நிலையைத் தூர்க்கக் கூடாது. கையெழுத்துப் போடுகிறவர் மனமொப்பித்தான் போடுகிறார். தலைவலி அவருக்கு அடுத்து நிலத்துக்கு வருகிறவரிடம் ஆரம்பிக்கும். அவருக்கு அந்தத் தாள் யாரோ காலில் கட்டிவிட்ட கல். அப்படிப்பட்டவரிடம் எப்படிப் பேசுவது என்பதுதான் பயிற்சி. கோபக்கார வாரிசாக நிலக்காரம்மா குடையை நீட்டிக்கொண்டு உள்ளே வருவார். ஒருமுறை பயிற்சிக்கு வந்த வக்கீல் ஒருவர் கண்கலங்கி வெளியே போய்விட்டார். பின்னாலேயே ஓடிப்போய்ச் சமாதானப்படுத்தி, டீ வாங்கிக் கொடுத்து அழைத்து வந்ததும் இவர்தான்.

போன மழைக்காலத்தில் அவர் இறந்தார். அந்த வியாழக்கிழமை மடல் வரவில்லை. பல பேருக்குச் செய்தி அப்படித்தான் தெரிந்தது.

இங்கே சொல்ல வந்தது அதற்குச் சில வருடம் முன்பு நடந்தது.

குளம் ஒன்றைக் காத்துவந்த அறக்கட்டளையிலிருந்து போன் வந்தது. பேசியவர் ஓய்வுபெற்ற தபால்காரர். ஒப்பந்தம் போட்ட பெரியவர் இறந்து, நிலம் மகன் கைக்கு வந்திருந்தது.

"திங்கக்கிழமை மண் லாரி வருதாம்மா. குளத்தைத் தூர்க்கப் போறாராம்."

"போய்ப் பேசினீங்களா?"

"போனோம். எங்க அறக்கட்டளை டீச்சர் மூணாவது ஷரத்தைப் படிச்சுக் காட்டினாங்க. அவர் கேட்டைச் சாத்திட்டார்."

"மூணாவது ஷரத்துக்கு நானா இருந்தாலும் சாத்தியிருப்பேன்."

வழக்குப் போட்டால் ஜெயிக்கலாம். ஆனால் தீர்ப்பு வருவதற்குள் குளம் மைதானமாகியிருக்கும். கொட்டின மண்ணை எந்தத் தீர்ப்பும் அள்ளித் தராது. நிலக்காரம்மாவுக்கு அது நன்றாகத் தெரியும். "சனிக்கிழமை பயிற்சி இருக்கு, வாங்க. ஞாயித்துக்கிழமை இன்னொரு தடவை போய்ப் பேசுவோம்" என்றார். சூட்டோடு சூடாக மடலில் அறிவிப்பும் எழுதினார். 'அப்பா கொடுத்த வாக்கை மதிக்காத வாரிசு. குளத்தைத் தூர்க்கத் துடிக்கிறார். பேசப் போனால் கேட்டைச் சாத்துகிறார். இவரை எப்படிச் சமாளிப்பது? சனிக்கிழமை நூலக மாடிக்கு வாருங்கள். மதிய உணவு உண்டு.'

எழுதியது அவருக்கே பிடித்துப்போனது. லிப்ட் பழுதுபார்க்கும் நிறுவனத்தில் பொறியாளராக இருக்கும் மகளைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"அம்மா, இது யாருன்னு தெரிஞ்சுடாதா?"

"பேரே போடலையேடி."

"குளத்தைப் போட்டிருக்க, வாரிசைப் போட்டிருக்க, கேட்டைக்கூட விடலை. கதவு நம்பர் ஒண்ணுதான் பாக்கி."

"நீ உன் லிப்ட்டைப் பாரு. மடலை நான் பாத்துக்கிறேன்."

அனுப்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. கோபக்காரராக நடிக்கக் குரல் இல்லை. கீழ்வீட்டில் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் இருந்தார். மகள் போய்க் கேட்டாள்.

"கத்தணும், அவ்வளவுதானே?" என்றார் கண்டக்டர். "எனக்கு அதுக்குத்தானேம்மா சம்பளமே குடுத்தாங்க."

பயிற்சி நூலகத்தின் மாடியில். பல ஊர் அறக்கட்டளைகளிலிருந்தும் ஆட்கள் வந்து வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். குளத்து ஆட்களின் பஸ் இன்னும் வரவில்லை. கண்டக்டரையும் காணோம். நிலக்காரம்மா கரகரவென்று கிசுகிசுத்தார்.

"இன்னைக்கு வேற ஒருத்தர் நிலக்காரரா வருவார். கோபமா வருவார், பயப்படாதீங்க. ஒப்பந்தம், சட்டம்னு எடுத்ததும் வாயைத் திறக்காதீங்க. அவர் என்ன சொல்றாரோ அதைக் காது குடுத்துக் கேளுங்க. கேட்டதைத் திருப்பிச் சொல்லுங்க. நியாயம் பேச அவசரப்படாதீங்க."

சொல்லிவிட்டுக் கண்டக்டரைத் தேடி வாசலுக்கு இறங்கினார். அவர் வெற்றிலைப்பாக்குக் கடையில் யாருடனோ தேர்தல் பேசிக்கொண்டிருந்தார். கையோடு இழுத்துவந்தபோது பஸ்ஸிலிருந்து தபால்காரரும் டீச்சரும் இறங்கினார்கள். நால்வரும் படியேறினார்கள். பாதிப் படியிலேயே மேலிருந்து சத்தம் கேட்டது.

"யாரு எழுதினது இதை? யாருன்னு சொல்லுங்க! அப்பா வாக்கை மதிக்காதவனா நான்?"

"என் வேலையை வேற யாரோ பாக்குறாங்களே" என்றார் கண்டக்டர், கொஞ்சம் மனத்தாங்கலோடு.

தபால்காரர் கதவிடுக்கில் எட்டிப்பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"அம்மா, இது அவரேதாம்மா. குளத்துக்காரர்."

மடல் எப்படியோ அந்த மனிதர் கைக்குப் போயிருக்கிறது. இங்கிருந்து அவர் நேராக லாரிக்காரரிடம் போனால் திங்கட்கிழமை வரைகூடக் குளம் தாங்காது. அதற்குக் காரணம் நிலக்காரம்மா எழுதிய நாலு வரி. டீச்சர் பையிலிருந்து ஒப்பந்தத்தை உருவினார். நிலக்காரம்மா அந்தக் கையைப் பிடித்து அழுத்தினார். ஏனென்றால் உள்ளே நடப்பது அவருக்குப் புரிந்துவிட்டது. அங்கே இருந்தவர்கள் அந்த மனிதரை நடிக்க வந்தவர் என்று நினைத்துக்கொண்டு, சொல்லிக்கொடுத்தபடியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

"உங்களைப் பத்தி இப்படி எழுதினது உங்களுக்கு ரொம்ப வேதனையா இருக்கு" என்றார் ஒரு நர்ஸ், மலைப்பக்கத்து அறக்கட்டளையிலிருந்து வந்தவர்.

"வேதனையா? இதை எனக்கு அனுப்பினது யார் தெரியுமா? என் மாமியார்! கீழே ஒரு சிரிக்கிற பொம்மை வேற போட்டு!"

வட்டத்தில் ஒருவர் 'மாமியார்' என்று குறித்துக்கொண்டார்.

"மாமியார் முன்னாடி தலைகுனிவாப் போச்சு" என்றார் நர்ஸ்.

"ஆமா." அவருக்கு மூச்சு வாங்கியது. நர்ஸ் நாற்காலியை நகர்த்திப்போட, உட்கார்ந்தார். "அந்தத் தாளுல அப்பா கையெழுத்துப் போட்டதே அவர் போனப்புறம்தான் எனக்குத் தெரியும். பெத்த பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. எவரோ மூணு பேர்கிட்ட சொல்லியிருக்கார்."

"உங்ககிட்ட ஏன் சொல்லலைங்கிறதுதான் மனசுல நிக்குது."

அவர் குரல் இறங்கி, "வருஷா வருஷம் வர்றாங்க. வேலியைப் பாக்குறாங்க, குளத்தைப் போட்டோ எடுக்குறாங்க, போயிடுறாங்க. அப்பா தவறின வருஷமும் அப்படித்தான். நல்லா இருக்கியான்னு ஒருத்தர் கேக்கலை" என்றார்.

கதவுக்குப் பின்னால் தபால்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் வட்டத்திலிருந்த கணக்காளர் ஒருவர் கைதட்டினார். "பிரமாதம் சார்! சிலிர்த்துப் போச்சு. அந்த மாமியார் விஷயம் நீங்களாச் சேத்துக்கிட்டதா?"

குளத்துக்காரர் நிமிர்ந்தார். "என்னது? நான் நடிக்கிறேனா?"

நிலக்காரம்மா உள்ளே போய் அவர் முன்னால் நின்றார். எத்தனையோ முறை நின்ற இடம்தான், குடையோடு. இன்று கையில் குடை இல்லை.

"எழுதினது நான்தான்" என்றார். காற்றுதான் வந்தது.

"என்ன?"

"நான்தான் எழுதினேன்."

"கேக்கலை, சத்தமாச் சொல்லுங்க."

பின்னாலிருந்து கண்டக்டர், கடைசிப் படிக்கட்டில் தொங்குகிறவருக்கும் கேட்கிற குரலில், "அவங்கதான் எழுதினாங்களாம்!" என்றார்.

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கீழே நூலகத்தில் யாரோ "ஷ்ஷ்" என்றார்கள். நிலக்காரம்மா மறுபடி உதட்டை அசைத்தார். கண்டக்டர் காதைக் கொடுத்து வாங்கி அறிவித்தார்.

"உங்களைப் பாக்காம, பேசாம எழுதினது தப்புங்கிறாங்க! மன்னிச்சுக்கச் சொல்றாங்க! இங்க இருக்கிறவங்க மேல தப்பில்லையாம், நிலக்காரரா நடிக்க நான் வர்றதுக்கு லேட்டானதால உங்களை நான்னு நினைச்சுட்டாங்களாம்!"

குளத்துக்காரர் கண்டக்டரைப் பார்த்தார், நிலக்காரம்மாவைப் பார்த்தார். அடக்கித்தான் பார்த்தார், முடியவில்லை. குபுக்கென்று சிரித்துவிட்டார். உடனே முகத்தை இறுக்கிக்கொண்டார்.

"சரி, இப்ப குளத்தைப் பத்திப் பேசப் போறீங்க. அதானே?"

நிலக்காரம்மா இல்லை என்று தலையாட்டினார். கண்டக்டர் குனிந்து கேட்டுக்கொண்டார்.

"சாப்பிட்டுப் போகச் சொல்றாங்க!"

சாப்பாட்டுக்கு அவரையும் சேர்த்து இலைக்கு இலை நகர்ந்து இடம் விட்டார்கள். கணக்காளர் தானே பரிமாறினார், அதுவும் மூன்று முறை. தபால்காரர் எதிரில் போய் உட்கார்ந்து, "நாங்க வீட்டுக்குள்ள வந்து விசாரிச்சிருக்கணும் தம்பி. எங்களுக்கே கூச்சமா இருந்துச்சு" என்றார். குளத்துக்காரர் சாப்பிட்டு முடித்தார். கை கழுவிவிட்டு வந்து சொன்னார்.

"நாளைக்குக் காலையில வாங்க. எங்கப்பா அங்க என்னத்தைக் கண்டார்னு எனக்குக் காட்டுங்க. காட்ட முடியலைன்னா திங்கக்கிழமை லாரி வரும். அப்புறம் நீங்க கோர்ட்டுக்குப் போங்க, எங்க வேணா போங்க."

அவர் போனதும் தபால்காரர் தலையில் கைவைத்தார். "என்னத்தைம்மா காட்டுறது? கொக்கு நாலு நிக்கும். அதுவும் ஞாயித்துக்கிழமை நிக்குமோ நிக்காதோ."

கொக்கு நிற்கவில்லை. குளமும் அன்று பார்க்கிற மாதிரி இல்லை. கரை முழுக்க நாணல், நடுவில் பழுப்பாகக் கொஞ்சம் தண்ணீர். கரையைச் சுற்றும்போது நிலக்காரம்மாவின் ஒரு செருப்பைச் சேறு வாங்கிக்கொண்டது. குளத்துக்காரர் கையைக் கட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். டீச்சர் ஒரு தவளையைக் காட்டினார். "எங்க வீட்டுக் குளியலறையிலயும் இருக்கு" என்றார் அவர். அதற்குப் பிறகு யாரும் எதையும் காட்டவில்லை.

எதிர்க்கரையில் ஒரு மரத்தடி. தபால்காரர் நின்றார்.

"உங்கப்பா இங்கதான் உக்காருவார். நாங்க வந்தா வேலையை முடிச்சுட்டு நாங்களும் உக்காருவோம்."

"என்ன பேசுவார்?"

"உங்களைத் திட்டுவார்."

"என்னையா?"

"வெளியூர்ல வேலையில இருந்தீங்கல்ல. போன் பண்ணவே மாட்டேங்கிறான்னு திட்டுவார். பண்ணினா, வேலை நேரத்துல எதுக்குப் பண்றான்னு திட்டுவார்."

குளத்துக்காரர் மூக்கை உறிஞ்சினார். "அவரேதான்" என்றார். பிறகு, தண்ணீரைப் பார்த்தபடி, "என்கிட்ட ஏன் சொல்லலையாம்?"

தபால்காரர் நிலக்காரம்மாவைப் பார்த்தார். அவர் தலையை மட்டும் அசைத்தார், சொல்லுங்கள் என்று.

"சொன்னா நீங்க வேண்டாம்பீங்கன்னு பயம் அவருக்கு."

"வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்."

"தெரியும்னார்."

அந்த மனிதர் மரத்தடியில் உட்கார்ந்தார். வெகுநேரம் இருந்தார். யாரும் கிட்டே போகவில்லை. டீச்சர்கூடப் பையைத் திறக்கவில்லை. பிறகு சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

"மண்ணு வேண்டாம்ப்பா. ஆமா, வேண்டாம். இனிமேலும் வேண்டாம். அட்வான்ஸா? நீயே வச்சுக்க. முழுசா எதுக்கு வச்சுக்கிற? பாதியை அனுப்பு."

போனை வைத்துவிட்டு, எழுந்துகூட நிற்காமல், நாணலைக் காட்டி டீச்சரைக் கேட்டார். "இதை வெட்டலாமா, அதுக்கும் ஏதாவது ஷரத்து இருக்கா?"

"வெட்டலாம். ஒரு வருஷம் ஒரு பக்கம், மறு வருஷம் மறு பக்கம்."

"ஏன், ரெண்டு பக்கமும் சேத்து வெட்டினா என்ன?"

"அப்ப குஞ்சு வச்சிருக்கிறதெல்லாம் எங்க போகும்?"

"குஞ்சா? எங்க இருக்கு? காட்டுங்க பாப்போம்."

இருவரும் நாணலை விலக்கிக்கொண்டு போனார்கள். தபால்காரர் வழி சொல்கிறேன் என்று பின்னால் ஓடினார். மூவரும் ஒரே நேரத்தில் பேசுவது கரை முழுக்கக் கேட்டது. நிலக்காரம்மா மிச்சமிருந்த ஒற்றைச் செருப்பையும் கழற்றிவைத்துவிட்டுக் காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டார். மேலே வெயில் பட்டு வெதுவெதுவென்றும், அடியில் சில்லென்றும் இருந்ததாம். வீட்டுக்கு வந்து அதைத்தான் முதலில் சொன்னார், வெறும் சைகையில். மகளுக்குப் புரியவில்லை என்று நினைத்து, பக்கெட்டில் தண்ணீர் பிடித்துக் காட்டினார்.