அந்தோனியார் பதக்கமும் ஒரு கிழட்டு விமானமும்

இரத்மலானையில் ஒரு சின்னப் பறத்தல் கழகம் இருந்தது. அங்கே மெக்கானிக்காக இருந்த கொட்டாஞ்சேனை ஸ்ரனிஸ்லாஸிடம் யாருடைய செல்வாக்கும் எடுபடாது. கழகத் தலைவரே வந்தாலும் சட்டைப் பையைக் கவிழ்த்துக் காட்டாமல் விமானத்தில் ஏறமுடியாது. தலைகீழாகப் பறக்கையில் உள்ளே எழுதுகிற பேனை ஒன்று உருண்டு, விமானி பிடித்து ஓட்டும் தடிக்கு அடியில் சிக்கினாலும் போதும், விமானம் சொல்வழி கேட்காது. "பிறகு உங்கட மனுசிமாருக்கு ஆர் பதில் சொல்லுறது?" என்று எரிந்து விழுவார்.

அப்படிப்பட்ட மனுசன்தான் அந்த வேலையைச் செய்தார்.

உள்நாட்டுப் போர் தொடங்கி நாலாவது வருடம். கழகத்தின் பழைய பயிற்சி விமானத்தைச் சனங்களுக்கு முன்னால் கரணமடிக்க வைப்பது என்று முடிவாகியது. உலகப் போர்க் காலத்து விமானம், துணி போர்த்த சிறகு. ஓட்டப்போகிறவர் கப்டன் வீரக்கொடி. இதைக் கேட்ட ஸ்ரனிஸ்லாஸின் மனைவி ஐறீன், செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடைக் கோயிலுக்குப் போய் ஓர் அந்தோனியார் பதக்கத்தைச் சுவாமியாரிடம் மந்திரித்துக்கொண்டு வந்தாள்.

"அந்தக் கிழட்டுப் பிளேனை நம்பேலாது. இதை ஒருக்கா உள்ளுக்குக் கட்டிவிடுங்கோ. அந்தாளும் பிள்ளைகுட்டிக்காரன்."

"பிளேனுக்குள்ள ஒண்டும் வைக்கேலாது, ஐறீன்."

"அந்தோனியாரையுமோ?"

கடைசியில் ஸ்ரனிஸ்லாஸ் பதக்கத்தை வாங்கிக்கொண்டார். ஒத்திகைக்கு முன், வெறுமையாகக் கிடந்த முன் இருக்கையின் அடியில் பதக்கத்தை நூலால் இறுக்கிக் கட்டினார். ஒத்திகை நன்றாகவே முடிந்தது.

காட்சி நாளன்று கப்டன் பின் இருக்கையில் ஏறி, இயந்திரமும் இரையத் தொடங்கிவிட்டது. முன்கதவைச் சாத்தக் குனிந்த ஸ்ரனிஸ்லாஸ் நூலைக் கண்டார். அறுந்த நூல் மட்டும் தொங்கியது. பதக்கத்தைக் காணவில்லை.

சுற்றிவர ஆமிக்காரர். விமானத்துக்குள் ஒரு தமிழன் இரும்புத் துண்டை ஒளித்துவைத்தான் என்றால், அதைப் பக்தி என்று எவன் நம்புவான்? பொலிஸின் வதைக்கூடமான நாலாம் மாடிக்குத்தான் கொண்டுபோவார்கள். பேசாமல் கதவைச் சாத்தினார். வெட்கக்கேடுதான், ஆனாலும் சாத்தினார். விமானம் நகர்ந்தது.

கொஞ்சத் தூரம் போகவிட்டுத்தான் ஓடினார். நிறுத்தச் சொல்லிச் சிங்களத்தில் கத்திக்கொண்டு, கையிரண்டையும் விரித்தபடி ஓடுபாதையில் போய் நின்றார். ஒரு சிப்பாய் துவக்கை நீட்டினான். கப்டன் இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கினார். ஸ்ரனிஸ்லாஸ் அவருடைய காதுக்குள் எல்லாவற்றையும் சொன்னார். அடித்தட்டைக் கழற்றியபோது, பதக்கம் தடியின் மூட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது.

அன்று பின்னேரம், ஆமிக்காரர் இருவரையும் கொண்டுபோய் விட்ட பொலிஸ் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் அதை மேசையில் வைத்து, யாருடையது என்று கேட்டார். ஸ்ரனிஸ்லாஸ் வாய் திறக்குமுன் கப்டன் முந்திக்கொண்டார்.

"என்னுடையது. நான்தான் கட்டினேன். அறுந்ததை இவர் கண்டிருக்காவிட்டால் இப்போது என் பிரேதத்தைத்தான் விசாரித்திருப்பீர்கள்."

கப்டன் பௌத்தர்தான், ஆனாலும் இன்ஸ்பெக்டர் சந்தேகப்படவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடைக்கு மெழுகுதிரியோடு போகிறவர்களில் பாதிப் பேர் பௌத்தர்கள்தானே.

வெளியே வந்ததும் ஸ்ரனிஸ்லாஸ் நன்றி சொல்லக் கப்டனின் கையைப் பிடிக்கப் போனார். அவர் கையை இழுத்துக்கொண்டார்.

"கதவைச் சாத்தும்போது உன் முகத்தைப் பார்த்தேன், ஸ்ரனி," என்றார் சிங்களத்தில். "தெரிந்துகொண்டுதான் சாத்தினாய். நாளைக்கு வேலைக்கு வராதே."

ஸ்ரனிஸ்லாஸுக்கு நெஞ்சு வலித்தது. ஆனால் கோபம் வரவில்லை. கப்டனின் இடத்தில் இருந்திருந்தால் அவரும் அதைத்தான் சொல்லியிருப்பார்.